மாற்றுறுப்புக்குக் காத்திருப்போர் வேண்டற்பாலது

சைவாசிரியர்காள்,

தந்தையார் சிறுநீரகம் பழுதுற்று, மாற்றுறுப்புக்குக் காத்திருக்குங் குடும்பத்து மாணாக்கனொருவன், “பிறரொருவர் இறந்தாலன்றோ உறுப்புக் கிடைக்கும்? யான் சுவாமியிடத்து யாது வேண்டுவேன்?” என வினவுவானாயின், யாது விடை பகர்வீர்?

உயிருள்ளோரும் சிறுநீரகம் ஈயலாம். 1954ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிலே முதன்முதல் வெற்றியெய்திய மாற்றுச் சத்திரசிகிச்சையில், இரட்டைச் சகோதரருள் ஒருவரே மற்றவர்க்கு ஈந்தனர். மூளைச்சாவு எய்தினோர் உறுப்பும் ஏற்கப்படும். ஆயின் அச்சாவு அவ்வுயிரின் பிராரத்தத்தால் வருவதன்றிக் காத்திருப்போர் வேண்டுதலால் வருவதன்று. பிறர் மரணத்தை விரும்புதலே பாவம். அவர் ஈகையை ஏற்றல் பாவமன்று.

கண்ணப்பநாயனார் திருக்காளத்தியிலே முன்னர்ப் பச்சிலை தேடிப் பிழிந்தார். அது பயன்படாமை கண்ட பின்னரே தங்கண்ணைத் தோண்டி அப்பினார். மருத்துவமும் ஈகையும் அன்பின் செயல்களேயாம் என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலால், “தந்தையார்க்குப் பொறுமையும், ஈவோர் சுற்றத்தார்க்கு ஆறுதலும், உறுப்புக் கிடைப்பினும் கிடையாதொழியினும் திருவடி மறவாமையும் வேண்டுக” என்று அப்பிள்ளைக்குக் கூறுக. கிடைத்தேவிடும் என்று உறுதி கூறற்க. பொய்த்தவிடத்து அவன் நம்பிக்கையும் உடனழியும். சொல்லினும் சிறந்தது, அவ்வீடு சென்று உடனிருத்தல்.