குருத்தும் முழங்காலும்

வாழையை வெட்டினாலும் நடுவிலிருந்து மீண்டும் குருத்து எழும். எலும்பின் முனையைப் போர்த்திருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கோ பெயரில் மட்டுமே குருத்து. தேய்ந்தால் அது மீண்டும் தளிர்ப்பதில்லை. வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே இதனை எழுதியுள்ளார். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுநீரே அதற்கு ஊட்டம் அளிக்கிறது. ஆதலால் தோலில் பட்ட காயம்போல் அது ஆறுவதில்லை. பாட்டி படியேறுகையில் கைப்பிடியைப் பற்றி நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்.

'ஸ்டெம் செல்' எனப் பலரும் கூறும் குருத்தணு, வேறு வகை உயிரணுவாக மாறும் ஆற்றலுடையது. (இங்கும் அதே குருத்து!) எலும்பு மஜ்ஜையிலிருந்து அதனைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, ஊசிவழி மூட்டினுள் செலுத்துகின்றனர். இத்தகைய மருந்தொன்றுக்கு நம் நாட்டில் 2022இல் ஒப்புதல் வழங்கப்பட்டது. எனினும், செலுத்திய அணுக்கள் புதுக் குருத்தெலும்பாக வளர்வதைவிட, வீக்கம் தணிக்கும் பொருள்களைச் சுரந்தே பயன் தருகின்றன என்பது அறிஞர் பலரின் கருத்து. முற்றிலும் தேய்ந்த மூட்டுக்கு மாற்று அறுவைச் சிகிச்சையே வழி.

ஆய்வுகளில் வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்க்கும் வலி குறைந்ததுண்டு. ஆகவே, "எனக்குக் குணமாயிற்று" என ஒருவர் கூறுவது சான்றாகாது. இரு குழுவினரை ஒப்பிட்டே உண்மை காண வேண்டும். தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்குச் சான்று உண்டு, செலவும் இல்லை, விளம்பரந்தான் இல்லை.

பயிற்சி: 'முழங்கால் இளமைபோல் ஆகும்' என்னும் விளம்பரத்தைக் கண்டு, தம் சேமிப்பை எடுக்க எண்ணுகிறார் உம் தாத்தா. மருத்துவரிடம் அவர் கேட்க வேண்டிய மூன்று வினாக்களைக் குறிப்பிட்டு, அவருக்குக் கடிதம் எழுதுக.