துறைமுகத்தின் திறனை அளக்கும் முறை

இராஜபாளையத்துப் பஞ்சாலைகளில் நூற்கப்படும் நூலும், அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியும் கடல் கடந்து செல்கின்றன. நுண்ணூல் நூற்பதற்கு வேண்டிய நீண்ட இழைப் பஞ்சு எகிப்து, அமெரிக்கா முதலிய தேயங்களினின்று இங்கு வருகின்றது. இவ்விருவகைப் போக்குவரத்திற்கும் அண்மையிலுள்ள கடல் வாயில் தூத்துக்குடியாகும். நாம் கடற்கரையினர் அல்லரேனும், நம் ஊராரின் தொழிலும் கூலியும் ஓரளவு அத்துறைமுகத்தின் திறனைச் சார்ந்துள்ளன. ஆதலின், ஒரு துறைமுகம் செவ்வனே தொழில் புரிகின்றதா என்பதை அறிவது எங்ஙனம் என்னும் வினா நமக்கும் உரியதேயாம்.

ஆண்டொன்றிற்கு இத்தனை டன் சரக்கு ஏற்றி இறக்கப்பட்டது என்பதே யாவரும் அறிந்த அளவை. அது துறைமுகத்தின் பருமனைக் காட்டுமேயன்றித் திறனைக் காட்டாது. சந்தைக்கு வந்த வண்டிகளின் தொகையைக் கொண்டு, அவை எத்தனை நாழிகை வெயிலில் காத்து நின்றன என்பதை அறிதல் இயலாதன்றோ? திறனை அளக்கக் காலத்தை அளத்தல் வேண்டும்.

தூத்துக்குடியின் வரலாறே இதற்குச் சான்று. அதன் பழைய துறைமுகத்தையடுத்த கடல் ஆழங்குறைந்தது. பெரிய கப்பல்கள் கரைக்குப் பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கைக் கொண்டு சென்றன. ஒரே மூட்டை கரையிலிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கப்பலுக்குமாக இருமுறை ஏற்றப்பட்டது. கடல் கொந்தளிக்குங்கால் வேலை தடைப்பட்டது. இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கிடையே அமைந்த புதிய துறைமுகம், 1974-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாயிற்று. 2011-இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கப்பல் நேரே தளத்தையடைந்து நிற்கத் தொடங்கியதும் தோணி வேலை குறைந்து, காலமும் மீந்தது.

உலகளவில் இதனினும் பெரிய மாறுதலைச் செய்தது சரக்குப் பெட்டகம். 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர், 58 பெட்டகங்களை ஒரு கப்பலிலேற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன அக்காலத்தில், பெட்டக முறையில் ஏறத்தாழ 16 சென்டே ஆயிற்றெனக் கணக்கிட்டனர். இருபதடிப் பெட்டகமே இன்று எண்ணும் அலகாக விளங்குகின்றது.

இனி, அளக்கும் முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு கப்பல் திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் துறைமுகத்தின் வெளியே வந்து சேர்கின்றது. தளம் ஒழியாமையால் 24 மணி நேரம் காத்து நிற்கின்றது. செவ்வாய் காலை 6 மணிக்குத் தளத்தையடைந்து, புதன் மாலை 6 மணிக்குப் புறப்படுகின்றது. தளத்தில் நின்ற 36 மணியில், பளுதூக்கிகள் உழைத்தது 24 மணியே. எஞ்சிய 12 மணி, ஆயத்தத்திலும், மழையிலும், லாரி வாராமையிலும் கழிந்தது. கையாளப்பட்ட பெட்டகங்கள் 1200.

பளுதூக்கிகள் உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 50 பெட்டகம். தளத்தில் நின்ற நேரத்தால் வகுத்தால் மணிக்கு 33. கப்பல் வந்து சேர்ந்தது முதல் புறப்பட்டது வரையுள்ள 60 மணியால் வகுத்தாலோ 20 மட்டுமே. மூன்றும் மெய்யே; மூன்றும் ஒரே கப்பலைப் பற்றியனவே. ஆயினும் முதலாவதைக் கேட்பவர் வியப்பர். மூன்றாவதைக் கேட்பவர் வருந்துவர். ஓர் அளவையைக் காணுங்கால், கடிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று முதற்கண் வினவுதல் வேண்டும்.

தளம் எந்நேரமும் நிறைந்திருத்தல் நன்றென்று நினைப்பாரும் உளர். கணிதம் இதனை மறுக்கின்றது. டென்மார்க்கு நாட்டு எர்லாங் என்பவர், 1909-இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்ததே காத்திருப்புக் கணிதம். ஒரே தளம் உள்ளதாகவும், கப்பல்களின் வருகையும் வேலை நேரமும் ஒழுங்கின்றி அமைவதாகவும் கொள்வோம். தளம் பாதி நேரம் நிறைந்திருந்தால், சராசரிக் காத்திருப்பு ஒரு கப்பலின் வேலை நேரத்திற்குச் சமமாகும். நூற்றுக்கு 80 பங்கு நிறைந்தால் அது நான்கு மடங்காகும்; 90 பங்கானால் ஒன்பது மடங்காகும். தளங்கள் பலவாயின் காத்திருப்புக் குறையும். எனினும் நெருக்கம் மிகுந்தோறும் அது விரைந்தேறும் இயல்பு மாறாது. ஆகவே சிறிது வெறுமை வீணன்று.

இதுகாறும் கூறியன கப்பலின் காலம். சரக்கின் காலம் வேறு. உலக வங்கி 2021 முதல் வெளியிட்டுவரும் பெட்டகத் துறைமுக வரிசையும், கப்பல் துறைமுகத்திற் கழிக்கும் காலத்தைக் கொண்டே அமைந்தது. சத்திரப்பட்டித் துணி முற்றத்தில் கிடந்த நாட்களும், சுங்கத்தார் ஒப்புதலுக்குக் காத்த நாட்களும், கொழும்பிற் பெருங்கப்பலுக்கு மாற்றப்பட நேரின் அங்கே தங்கும் நாட்களும் அக்கணக்கில் அடங்கா. கப்பல் விரைந்து சென்றும், துணி பிந்திச் சேர்தல் கூடும்.

சராசரியிலும் ஏமாற்றம் உண்டு. ஒரு துறைமுகத்தில் ஒவ்வொரு சரக்கும் நான்கு நாளிற் கழிகின்றது; மற்றொன்றில் பாதி இரண்டு நாளிலும், பாதி ஆறு நாளிலும் கழிகின்றன. இரண்டின் சராசரியும் நான்கே. ஆனால் இரண்டாவதை நம்பிய ஆலையோ ஆறு நாளைக்கும் பஞ்சு சேர்த்து வைத்தல் வேண்டும். அப்பஞ்சில் முடங்கிய முதலுக்கு வட்டி உண்டு. பஞ்சு தீர்ந்தால் கதிர்கள் நிற்கும். கதிர்கள் நின்றால் தொழிலாளியின் கூலிக்கு இடையூறு நேரும். விரைவைப் போலவே உறுதியும் திறனின் உறுப்பென்பது இதனாற் புலனாம்.

ஆதலின் மாணவ அன்பர்காள்! துறைமுகத்தைப் பற்றிய ஓர் எண்ணைப் பத்திரிகையிற் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புமின்: இது யாருடைய காலத்தை அளக்கின்றது? அக்காலம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? சராசரிக்குப் பின்னே எத்துணை ஏற்றத்தாழ்வு மறைந்துள்ளது? வணிகம் பயில்வோர்க்கும் கணிதம் பயில்வோர்க்கும் இவை பொதுவாம். ஆலைக் கணக்கர் அலுவலில் அமரினும், துறைமுகத்தில் அமரினும், இவற்றை வினவும் பழக்கம் நமக்குப் பெருந்துணை செய்யும்.