கைப்பேசியும் தோழமையும்

தேர்வு நெருங்கும் நாள்களில் விடுதி அறைகளின் விளக்குகள் நள்ளிரவிலும் அணைவதில்லை. பாடச்சுமை, பெற்றோரின் எதிர்பார்ப்பு, கட்டணக் கவலை ஆகியன மாணவர் உள்ளத்தை அழுத்துகின்றன. ஆசிரியரிடம் கூறத் தயங்குவதையும் அவர்கள் தோழரிடம் கூறுவர்.

தொலைபேசிவழித் துயர் கேட்கும் பணி புதிதன்று. 1953-இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். சென்னையில் 1986-இல் 'சிநேகா' தோன்றியது. இன்றோ அக்கருவி மாணவர் கையிலேயே உள்ளது.

எனினும், கருவி தானே ஆறுதல் தாராது. "கவலைப்படாதே" எனக் குறுஞ்செய்தி அனுப்பி அமைவது தோழமை ஆகாது. "இப்போது பேசலாமா?" என வினவி, இடைமறிக்காது கேட்டலே நம் முதற்பணி; அறிவுரை பின்னர் வரலாம். கேட்டதைக் குழுவில் பகிர்தல் பெரும்பிழை. அது நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம்.

ஆயினும், ஒன்றை மட்டும் மறைத்தல் கூடாது. உயிரை மாய்க்கும் எண்ணத்தைத் தோழர் வெளியிட்டால், அவரைத் தனியே விடாது, விடுதிக் காப்பாளரிடமோ ஆசிரியரிடமோ உடனே தெரிவித்தல் வேண்டும். நடுவணரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தோழர் பின்னர் நம்மைச் சினக்கலாம். சினந்து பேச அவர் உயிரோடிருப்பதே நமக்குப் போதும்.