சும்மா விடச் சொன்ன டாக்டர்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்து ஓவர்லேண்ட் பார்க்கில் இருக்கிறாள். ஜூன் மாதம் அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய ஜீன்ஸை எடுத்துப் போட்டிருக்கிறாள். தொடையில் சுருக்கென்றதாம், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழற்றும்போது உள்ளே ஒரு சிலந்தி செத்துக் கிடந்தது. ராத்திரிக்குள் எரிச்சல், மறுநாள் நீலம் பாரித்துக் கொப்புளம். டப்பாவில் கொண்டுபோன சிலந்தியைப் பார்த்துவிட்டு டாக்டர் 'பிரவுன் ரெக்லூஸ்' என்றாராம். ஐஸ் வை, காலை உயர்த்தி வை, வலி மாத்திரை, ஒரு டிடி ஊசி, அவ்வளவுதான். இன்றைக்குப் பத்து நாள். அந்த இடம் கரிக்கட்டை மாதிரி கறுத்து இறுகிவிட்டது. வீடியோ காலில் பார்த்தாலே பகீர் என்கிறது. ஆண்டிபயாடிக் கூடத் தரவில்லை. 'அழுகின இடத்தை அறுத்து எடுத்திருக்க வேண்டாமா' என்று சம்பந்தி கேட்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டச் சொன்னால் என் மகள் என்னைத் திட்டுகிறாள். விஷம் ரத்தத்தில் ஏறிவிடுமா? எப்போதுதான் ஆறும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, அந்த டாக்டர் செய்வது சரி. அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. இந்தப் புண்ணைப் பொறுத்தவரை நோண்டாமல் இருப்பதுதான் வைத்தியத்தின் பெரும்பகுதி.

உங்கள் மகள் செய்த நல்ல காரியம், செத்த சிலந்தியை டப்பாவில் போட்டு எடுத்துப்போனது. சிலந்திக்கடி என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் சிலந்தியைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். இந்த இனத்தை அடையாளம் காண முதுகில் உள்ள வயலின் வடிவக் கறுப்பைச் சொல்வார்கள். அதைவிட உறுதியான அடையாளம் கண்தான். அநேகச் சிலந்திகளுக்கு எட்டுக் கண், இதற்கு ஆறு, அதுவும் மூன்று ஜோடிகளாக. கன்சாஸ், மிசூரி, ஆர்கன்சா, ஓக்லஹோமா பக்கம் வீடுகளுக்குள்ளேயே, பெட்டி, அலமாரி, மடித்த துணிகளின் இடுக்கில் வசிக்கும். தானாக வந்து கடிக்காது. உடம்புக்கும் துணிக்கும் நடுவில் நசுங்கும்போதுதான் கடிக்கும். நம் ஊரில் இந்த இனம் கிடையாது. அமெரிக்காவிலேயே இப்படிப்பட்ட புண்ணுக்கு இதுதான் காரணம் என்று மிசூரி ஆய்வாளர்கள் எழுதியது 1957இல்தான்.

விஷத்தில் ஸ்பிங்கோமைலினேஸ் டி என்றொரு நொதி இருக்கிறது. அது செல்களின் மேலுறையிலுள்ள கொழுப்பைச் சிதைக்கிறது. ஆனால் தோல் சாவதற்கு அது மட்டும் காரணமில்லை. அந்தச் சிதைவைக் கண்டு நம் ரத்த வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து இறங்கும், சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடும், ரத்தம் போகாத தோல் சாகும். 1970இல் முயல்களின் வெள்ளணுக்களை முன்கூட்டியே குறைத்துவிட்டு விஷத்தை ஏற்றிப் பார்த்தார்கள்; வழக்கமாக வரும் அந்தப் புண் வரவில்லை. ஆக, சிலந்தி தொடங்கி வைத்ததை முடிப்பது நம் உடம்புதான். ஐஸ் வைக்கச் சொன்னதற்குக் காரணமும் இதில் இருக்கிறது: குளிர்ச்சியில் அந்த நொதியின் வேகம் குறையும், சூட்டில் கூடும். வெந்நீர் ஒத்தடம் தந்திருந்தால் புண் இன்னும் பரவியிருக்கலாம்.

கடித்த நேரத்தில் வலி அதிகம் தெரியாது. இரண்டிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் எரிச்சலும் வலியும் ஏறும். ஒரு நாளுக்குள் நடுவில் நீலம், அதைச் சுற்றி ரத்தம் வற்றிய வெளிறல், வெளியே சிவப்பு என்று மூன்று நிறம் தெரியலாம். நம் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. கன்றிப்போன மாதிரி இருக்கும். பலருக்குக் கதை இத்தோடு முடிந்து, சில நாளில் தானே வடிந்துவிடும். சிலருக்கு மட்டும் மூன்று நான்கு நாளில் நடுப்பகுதி உள்வாங்கி, ஒரு வாரத்தில் கறுத்து, வறண்ட பொருக்காக இறுகும். தொடை, இடுப்பு, வயிறு என்று கொழுப்பு அதிகமுள்ள இடங்களில் சேதம் கூடுதல். உங்கள் மகள் இப்போது இருப்பது இந்தக் கட்டத்தில். பார்க்கப் பயங்கரம்தான், ஆனால் அந்தக் கறுப்பு புதிதாகப் பரவும் அழுகல் அல்ல. முன்பே செத்த தோல் காய்ந்து மூடியாக நிற்கிறது.

சம்பந்தி கேட்டதை அமெரிக்க டாக்டர்களும் ஒரு காலத்தில் கேட்டார்கள், அறுத்தும் பார்த்தார்கள். முதல் சில நாட்களில் எது பிழைக்கும், எது சாகும் என்ற எல்லை கத்தி பிடித்தவருக்கும் தெரியாது. வெட்டிய ஓரமும் சேர்ந்து சாகும். உடனே வெட்டியவர்களையும் காத்திருந்து பிறகு தேவைப்பட்டால் வெட்டியவர்களையும் 1985இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உடனே வெட்டியவர்களுக்குத்தான் புண் ஆறத் தாமதமும் தழும்பும் அதிகம். காத்திருந்த கூட்டத்துக்குத் தந்த மருந்து டாப்சோன். நம் ஊரில் குஷ்ட நோய்க்குக் கொடுப்பதேதான். வெள்ளணுக்களை அடக்கும் என்ற கணக்கு. ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும், பலனுக்கும் உறுதியான சான்று இல்லை. அதை எழுதித் தராததற்காக உங்கள் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன்.

ரத்தத்தில் ஏறுவது பற்றி. அபூர்வமாக, பெரும்பாலும் குழந்தைகளுக்கு, இந்த விஷம் சிவப்பணுக்களை உடைக்கும்: காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம். புண் சிறிதாக இருந்தாலும் இது வரலாம். பொதுவாக முதல் மூன்று நாட்களில், மிஞ்சினால் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். பத்து நாள் தாண்டிய பிறகு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

ஆண்டிபயாடிக் தராததும் சரி. இந்தப் புண் சீழ் பிடிக்காத வறண்ட புண். சீழ் வடிந்தால், நடு இடம் சிவந்து மேடாக இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட புண் இருந்தால் அது சிலந்தியின் வேலையாக இருக்காது என்று 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் பத்து அடையாளங்களைத் தொகுத்தார்கள். அதற்கு அவசியம் இருந்தது. சாதாரண மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமிப் புண்ணைச் சிலந்தியின் தலையில் கட்டுவது அங்கே சர்வ சாதாரணம். 2001இல் நியூயார்க்கில் ஏழு மாதக் குழந்தையின் கையில் வந்த புண்ணைச் சிலந்திக்கடி என்றே முதலில் நினைத்தார்கள், அது ஆந்த்ராக்ஸ். அதே 2001இல் உங்கள் மகளின் பக்கத்து ஊரான லெனெக்சாவில், ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பிரவுன் ரெக்லூஸ் பிடித்தார்கள். அங்கே வருடக்கணக்கில் குடியிருந்த நான்கு பேரில் ஒருவரைக்கூடக் கடிக்கவில்லை! சிலந்தியைக் காணாமல் அதன்மேல் பழி போடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த வீட்டைப் பற்றித்தான்.

மஞ்சள், வேப்பிலை வேண்டாம். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் பொருக்கு ஓரம் பிரியும் இடத்தில் அரைத்த பச்சிலையைக் கட்டினால் இதுவரை இல்லாத கிருமியை நாமே உள்ளே அனுப்புவோம். மஞ்சள் ரசத்தில் இருக்கட்டும். சோப்பும் தண்ணீரும் போட்டு மெல்லக் கழுவி, டாக்டர் சொன்ன கட்டைப் போட்டால் போதும்.

இனிமேல் நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வீடியோ காலிலும் பதறுவீர்கள். கடித்த இரண்டு மூன்று வாரத்தில் பொருக்கு ஓரத்திலிருந்து கழன்றுவரும். அடியில் குழி தெரியும். புண் பெரிதாகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் அது முன்பே இருந்த பள்ளம்தான். அடியிலிருந்து சிவந்த புதுச்சதை ஏறி, ஓரத் தோல் உள்நோக்கி வளர்ந்து மூடும். சிறிய புண் இரண்டு மாதத்துக்குள் மூடிவிடும். ஆழமானது இன்னும் சில மாதம் இழுக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் தாமதமாகும். மூடிய பிறகு அந்த இடம் நீண்ட நாள் கறுப்பாகத் தெரியும், சற்றுப் பள்ளமாகவும் இருக்கும். குழி பெரிதாக இருந்து மூடாமல் நின்றால், எல்லை அசையாமல் நிலைத்த பிறகு தோல் ஒட்டுவது பற்றி அவர்களே பேசுவார்கள். பொருக்கை மட்டும் அவள் பிய்க்கக் கூடாது. காய்ச்சலோ சீழோ நாற்றமோ புதிதாகப் பரவும் வீக்கமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிறகு அந்த அட்டைப்பெட்டிகள். துணியை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடட்டும், போர்வை தரையில் புரளக் கூடாது. சுவரோரம் ஒட்டுப்பொறி அட்டைகள் வைத்தால் எத்தனை இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். நாள்பட மடித்து வைத்த துணியை உதறாமல் போடக் கூடாது. பிரசவத்துக்கோ பேரப்பிள்ளையைப் பார்க்கவோ நீங்கள் அங்கே போனால், உங்களுக்கும் இது பொருந்தும்.