மலிவு விலையும் மறைமுகச் செலவும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

சிக்கனம் என்றால் செலவைக் குறைப்பது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எந்தக் கடையில் எது மலிவு என்று தேடி அலைவதையும் அதனோடு சேர்த்துக்கொள்கிறோம். ஆனால், மலிவாக வாங்கியதெல்லாம் சிக்கனம் ஆகுமா? மிச்சம் பிடித்த பணமெல்லாம் உண்மையிலேயே மிச்சம்தானா? வகுப்பில் கற்ற சிறிது வேதியியலையும், நூலகத்தில் படித்த சிறிது பொருளியலையும், என் வீட்டுக் கணக்கையும் துணையாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுகிறேன்.

சிக்கனத்தின் சிறப்பு

முதலில் சிக்கனத்தைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் சாமளாபுரம். ஒரு பக்கம் சோமனூர், மறுபக்கம் திருப்பூர். இடையே விசைத்தறிகளின் ஓசை. என் பெற்றோர் இருவரும் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒப்புக்கொண்ட கூலி உயர்வை வழங்கக் கோரிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நிறுத்தப்பட்டன. தறி நின்றால் கூலி இல்லை. அந்த வாரங்களில் எங்கள் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் இரண்டு: ஒன்று, 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைத்துவரும் நியாயவிலைக் கடை அரிசி, மற்றொன்று, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் அம்மா மடித்து வைத்திருந்த பணம். கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டுச் சேர்த்த பணம் அது.

ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்னஸ்ட் எங்கல் 1857ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்காகச் செலவாகும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதே அது. எனவே ஏழைத் தாய் காய்கறிக் கடையில் பேரம் பேசுவது அற்பத்தனம் ஆகாது. அவள் வருமானத்தின் பெரும்பகுதி அந்தக் கூடைக்குள்தான் இருக்கிறது.

கூடையில் ஏறாத செலவு

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டம் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. விளைவித்தவரே இடைத்தரகரின்றி விற்பதால் அங்கு விலை குறைவு. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே அம்மா காய்கறி வாங்கத் திருப்பூர் உழவர் சந்தைக்கே சென்று வரத் தொடங்கினார்.

ஒரு நாள் நான் கணக்குப் போட்டேன். ஊரில் 300 ரூபாய்க்கு வாங்கும் காய், சந்தையில் 220 ரூபாய். மிச்சம் 80 ரூபாய். பேருந்துக்குக் காத்திருந்து போய்வர மூன்றரை மணி நேரம். அந்த நேரம் தறி ஓட்டியிருந்தால், மணிக்கு 40 ரூபாய் வீதம் 140 ரூபாய் கூலி. ஆக, 80 ரூபாயை மிச்சம் பிடிக்க 140 ரூபாயை விட்டிருக்கிறோம்.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பைப் பொருளியலார் ‘வாய்ப்புச் செலவு’ என்பர். ஆஸ்திரிய அறிஞர் பிரீட்ரிக் வான் வீசர் வளர்த்தெடுத்த கருத்து இது. இந்தச் செலவுக்கு யாரும் ரசீது தருவதில்லை. ஆகையால் நம் கண்ணில் படுவதும் இல்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். “ஞாயித்துக்கெழம தறி ஓடாதுல்ல கண்ணு, அன்னிக்கிப் போனா?” என்றார். நியாயமான கேள்வி. அன்று கூலி இழப்பு இல்லை. ஆனால் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்த கால்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு நாள் அது. ஓய்வுக்கு ரூபாயில் விலை போட எனக்குத் தெரியவில்லை. அதற்கு விலை இல்லை என்று சொல்லிவிடவும் முடியவில்லை. மாதத்தில் ஒரு முறை, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்று கெடாதவற்றை மொத்தமாக வாங்கச் சந்தை. மற்ற நாட்களில் ஊர்க் கடை என்று முடிவு செய்தோம்.

மூன்று சட்டைகளும் ஒரு கோட்டும்

திருப்பூர் காதர்பேட்டையை அறியாதவர் இப்பகுதியில் இலர். ஏற்றுமதியில் மிஞ்சியவை, அளவு மாறியவை, சிறு பிழையுள்ளவை என்று பின்னலாடைகள் அங்கே குறைந்த விலையில் கிடைக்கும். நல்ல சரக்கும் உண்டு. தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். கடந்த ஆண்டு ஒரு நடைபாதைக் கடையில் மூன்று டி-சர்ட் 250 ரூபாய் என்றார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்று. வாங்கியது மூன்று. ஒன்று அளவு சேரவில்லை. இன்னொன்று நான்கே சலவையில் முறுக்கிக்கொண்டது. மூன்றாவதான சிவப்புச் சட்டை, கூட ஊறவைத்த என் ஆய்வகக் கோட்டை இளஞ்சிவப்பாக்கிவிட்டது. புதுக் கோட்டு வாங்கியபோதுதான் அந்தச் சட்டைகளின் முழு விலை எனக்குத் தெரிந்தது.

சாயம் ஏன் இறங்குகிறது? பருத்தி என்பது செல்லுலோஸ். அதற்குப் பெரும்பாலும் பயன்படும் வினைச்சாயங்கள், உப்பும் காரமும் சேர்ந்த நீரில் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு சகப்பிணைப்பு கொள்கின்றன. ஆனால் சாயத்தின் ஒரு பகுதி துணியோடு சேராமல் நீரோடு வினைபுரிந்து வீணாகிறது. இதைச் சூடான சோப்பு நீரில் பலமுறை அலசி நீக்க வேண்டும். அலசலில் தண்ணீரையும் விறகையும் குறைத்தால், அந்தச் சாயம் நம் வாளியில் வந்து இறங்கும். வாங்குமுன் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியின் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

துணியின் கனத்தைப் பின்னலாடைத் தொழிலில் ஜி.எஸ்.எம். என்று அளப்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பது பொருள். 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டிய துண்டு 1.8 கிராம் இருந்தால், அது 180 ஜி.எஸ்.எம். துணி. 100 ரூபாய்ச் சட்டை 20 சலவை தாங்கினால் ஒரு சலவைக்கு 5 ரூபாய் ஆகிறது. 240 ரூபாய்ச் சட்டை 80 சலவை தாங்கினால் 3 ரூபாய்தான். எது மலிவு?

நமக்கு மலிவு, யாருக்குச் செலவு?

மேற்சொன்ன உப்பும் சாயமும் முன்பு எங்கே போயின என்பதை இவ்வட்டாரத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வரும் நொய்யல், திருப்பூரைக் கடந்தபின் சாயக்கழிவைச் சுமந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதுவரை துணியின் விலையில் சேராத செலவை அந்த உழவர்களின் நிலம் கொடுத்து வந்தது என்பதே இதன் பொருள்.

ஒத்திப்போட்ட கண்ணாடி

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், வரவு சிறிதானாலும் செலவு அதை மீறிப் பெருகாவிட்டால் கேடில்லை என்கிறார். அவரே நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தில், பயன்படாமல் கிடக்கும் பொருளைக் கடிந்துரைக்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நம் வழி இருக்கிறது.

என் அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கிட்டப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. “மாசக் கடைசில பாத்துக்கலாஞ் சாமி” என்று தள்ளிப்போட்டே வந்தார். தறியில் பாவு இழை அறுந்தால் உடனே நிறுத்தி, இழையை எடுத்து அச்சில் கோக்க வேண்டும். கண் தெரியாததால் இழை விட்ட துணி இறங்கியது; கூலியில் பிடித்தம் செய்தார்கள். கண்ணாடிக்கு ஆகும் பணத்தைக் காட்டிலும் பிடித்தம் போன தொகை அதிகம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. எனக்கு வந்த பணத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் முதலில் பார்த்தது கடைக்காரர் எழுதிய ரசீதைத்தான்!

பேரம் பேசாத ஒன்று

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது உறவினர்கள், “பையனப் பனியன் கம்பெனிக்கு அனுப்புங்க, கைமடியாப் போனாலும் சனிக்கெழமையான சம்பளம்” என்றார்கள். அதில் தவறில்லை, எங்கள் தெருவில் பலர் அப்படித்தான் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். வாரம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1,30,000. மூன்றாண்டுக்கு 3,90,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்று நாம் சொல்கிறோம். என் பட்டத்துக்காக என் வீடு விட்டுக்கொடுப்பது ஏறத்தாழ நான்கு லட்சம் என்பதை இந்தக் கட்டுரைக்காகக் கணக்கிடும்போதுதான் நான் உணர்ந்தேன். கீரைக்கட்டுக்குப் பேரம் பேசும் என் தாய் இதற்கு ஒரு நாளும் பேரம் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

முடிவுரை

ஆகவே, நண்பர்களே, ஒரு பொருளை மலிவு என்று வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இது இப்போது தேவையா? எத்தனை நாள் உழைக்கும்? இதைத் தேடுவதில் போகும் நேரம் எதற்கு உரியது? இதன் மிச்சச் செலவை வேறு யாராவது சுமக்கிறார்களா? உடல்நலம், கல்வி, ஓய்வு ஆகிய மூன்றிலும் மிச்சம் பிடிக்காமல் இருப்பதற்காகவே மற்றவற்றில் மிச்சம் பிடிக்கிறோம். அம்மூன்றையும் இழந்து சேர்க்கும் பணம், பாவை அறுத்து ஊடை நெய்வதற்கு ஒப்பாகும்.