சொல் ஒன்று, நோய் மூன்று

புனேக்கு வடமேற்கே, மும்பை இருப்புப்பாதையில் அமைந்த ஊர் தளேகாவ் தாபாடே. மருத்துவக் கல்லூரியும் கிராமப்புற மருத்துவமனையும் கொண்ட இவ்வூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து அங்குச் சென்ற தொழிலாளி ஒருவர், “எனக்குக் காசம்” என்று மருத்துவரிடம் கூறுவதாகக் கொள்வோம். ஆயுர்வேதத்தில் காசம் என்பது இருமல். சித்த மருத்துவத்தில் சுவாசகாசம் ஆஸ்துமாவை ஒத்தது. தமிழ் வழக்கிலோ காசநோய் என்பது டி.பி.; மராத்தியில் அது க்ஷயரோகம். டி.பி.யாயின் பல மாதங்கள் விடாது மருந்துண்ண வேண்டும். உடன் வசிப்போரையும் பரிசோதிக்க வேண்டும். சொல்லைத் தவறாகக் கொள்வதன் விலை சிறிதன்று.

இதற்கு அகராதி மட்டும் போதாது. கருத்துக்களையும் அவற்றிடையே உள்ள உறவுகளையும் கணிப்பொறிக்கு விளங்குமாறு வரையறுக்கும் அமைப்பே ‘ஆன்டாலஜி’ எனப்படுகிறது. தத்துவ நூலோரிடமிருந்து இரவல் பெற்ற பெயர். பொருள் அத்துணைக் கடினமன்று. ‘ஸ்னோமெட் சி.டி.’ என்னும் பன்னாட்டு மருத்துவச் சொல்லமைப்பில் காசநோய்க்கு 56717001 என்ற எண் உண்டு. நுரையீரல் காசநோய் அதன் ஒரு வகை, உறுப்பு நுரையீரல், காரணம் இன்ன கிருமி என உறவுகள் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே, “கிருமியால் நுரையீரல் நோயுற்றோர் யாவர்?” என வினவினால், ஏட்டில் அச்சொற்களை எவரும் எழுதாவிடினும் நம் தொழிலாளி அப்பட்டியலில் இடம் பெறுவார். ஆய்வுக்கூடத்தார், எக்ஸ்ரே நிபுணர், பொதுச் சுகாதாரத் துறையினர் ஆகியோரின் குறிப்புகள் ஒன்றோடொன்று இணைவதும் இவ்வாறே.

இந்தியா 2014-இல் இவ்வமைப்பின் உறுப்பு நாடாயிற்று. இதற்கான தேசிய வள மையம் புனேயிலுள்ள ‘சி-டாக்’ நிறுவனத்தில் இயங்குகிறது. 2016-இல் திருத்தி வெளியிடப்பட்ட மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரங்களிலும் ஸ்னோமெட் இடம் பெற்றது.

நம் நாட்டு மருத்துவ முறைகளே கடினமான பகுதி. ராஜயக்ஷ்மா என்பதும் டி.பி. என்பதும் ஒன்றே எனக் கோடிட்டு இணைத்துவிடுதல் எளிது; ஆனால் பிழை. முன்னது தோஷ, தாதுக்களின் அடிப்படையிலும், பின்னது கிருமியின் அடிப்படையிலும் வரையறுக்கப்பட்டவை. இதனை உணர்ந்தே, 2024 ஜனவரி 10-இல் புது தில்லியில் வெளியிடப்பட்ட ஐ.சி.டி.-11 பகுதியில் ஆயுர்வேத, சித்த, யுனானி நோய்ப் பெயர்கள் தனியே தொகுக்கப்பட்டன. இரு குறியீடுகளையும் அருகருகே பதிவதே தக்க முறை எனலாம்.

எஞ்சியிருப்பது நோயாளியின் மொழி. ‘எலும்புருக்கி’ என்று மூதாட்டி ஒருவர் கூறும்போது, மருத்துவர் அதனைக் கேட்டவாறே பதிந்து, உரிய எண்ணையும் இணைக்க இயலவேண்டும். அதற்கான சொற்றொகுதியைச் சித்த மருத்துவரும் நெஞ்சக நோய் மருத்துவரும் தமிழறிஞரும் ஒருங்கே அமர்ந்து உருவாக்க வேண்டியிருக்கிறது.