சுமைகூலி முக்கால் பணம்

முன்னுரை

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. காய்கறிச் சந்தைக்குச் சொல்லப்பட்ட இம்மொழி, மோட்டார் கார் சந்தைக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு காரின் விலை என்னவென்று கேட்டால், அதை வாங்கும்போது கொடுக்கும் தொகையைத்தான் நாம் சொல்கிறோம். ஆனால் செலவு அதோடு முடிவதில்லை. வரி, இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர், சர்வீஸ், பழுது என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டும். இவற்றோடு காரின் மதிப்பும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். இதனைத் தேய்மானம் என்பர். இவை எல்லாம் சேர்ந்ததே ஒரு காரின் உண்மையான விலை. சில கார்களுக்கு இச்செலவு ஏன் மலைபோல் உயர்கிறது? உலகப் புகழ் பெற்ற மூன்று கார்களைக் கொண்டு ஆராய்வோம்.

கழற்றி மாட்டும் கூலி

இத்தாலி நாட்டின் பெராரி நிறுவனம் 1984-இல் டெஸ்டரோசா என்னும் காரை அறிமுகம் செய்தது. இதன் 12 சிலிண்டர் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ளது. வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடுவதற்கு உதவுவது டைமிங் பெல்ட். இது ரப்பரால் ஆனது. ஓட்டம் குறைவாக இருந்தாலும் ரப்பர் மூப்படையும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி என்ஜினே பாழாகும். டெஸ்டரோசாவில் இந்தப் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால் என்ஜினையே காரிலிருந்து வெளியே இறக்க வேண்டும். மாற்றும் பொருள் சிறியது, கூலியோ பெரியது.

தனக்கென்றே செய்த பொருள்

பிரான்சு நாட்டின் மோல்ஷைம் நகரில் உருவான புகாட்டி வேய்ரான் 2005 முதல் 2015 வரை தயாரிக்கப்பட்டது. இதில் 16 சிலிண்டர்கள், 4 டர்போக்கள், சூட்டைத் தணிக்க 10 ரேடியேட்டர்கள் உள்ளன. மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டும் இதன் வேகத்தைச் சாதாரண டயர் தாங்காது. எனவே மிச்செலின் நிறுவனம் இதற்கெனத் தனியாக டயர் செய்து கொடுத்தது. உலகில் மொத்தம் செய்யப்பட்ட வேய்ரான் கார்கள் 450 மட்டுமே. இலட்சக்கணக்கில் செய்யும் பொருள் மலிவாகும். நூற்றுக்கணக்கில் செய்யும் பொருள் எப்படி மலிவாகும்?

தட்டி நிமிர்த்த முடியாத உடல்

இங்கிலாந்தில் 1992 முதல் 1998 வரை உருவான மெக்லாரன் எப்-1 கார்கள் 106 மட்டுமே. இதன் உடல் கார்பன் நாரினால் ஆனது. இரும்புத் தகடு நசுங்கினால் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். கார்பன் நார் உடைந்தால் தட்டி நிமிர்த்த வழியில்லை. தேர்ந்த கைவினைஞரே அதைச் சீராக்க முடியும். 'மிஸ்டர் பீன்' ஆக நம்மைச் சிரிக்க வைத்த நடிகர் ரோவன் அட்கின்சனின் எப்-1 கார் 2011-இல் விபத்துக்குள்ளானது. அதைச் செப்பனிட இன்சூரன்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 9 இலட்சத்து 10 ஆயிரம் பவுன் செலவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின.

விலை குறையும், கூலி குறையாது

"இவை கோடீசுவரர்களின் கவலை, நமக்கென்ன?" என்று தோழியர் கேட்கலாம். நம்மைப் போன்ற குடும்பங்களைப் பிடிக்கும் கண்ணி வேறு. அது பழைய ஆடம்பரக் கார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதாக 60 இலட்சம் ரூபாய்க்கு விற்ற கார் ஒன்று, 15 ஆண்டுகள் கழித்து 3 இலட்சத்திற்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். "அடடா, எத்தனை மலிவு!" என்று மனம் துள்ளும். ஆனால் அதன் உதிரி பாகங்கள் 60 இலட்ச ரூபாய்க் காரின் பாகங்கள்; அவற்றின் விலை இறங்கவில்லை. ஆண்டுப் பராமரிப்பு 1,80,000 ரூபாய் ஆனால், அது புது விலையில் நூற்றுக்கு 3 பங்கு; நாம் கொடுத்த விலையிலோ நூற்றுக்கு 60 பங்கு! ஐந்து ஆண்டுகளில் 9 இலட்சம். மொத்தச் செலவு 12 இலட்சத்தில் காரின் விலை கால் பங்கு, பராமரிப்பு முக்கால் பங்கு. பழமொழி அப்படியே பலித்துவிட்டது அல்லவா?

மேலும், இத்தகைய கார்களில் ஒரு பழுது மற்றொன்றை அழைத்து வரும். 1998-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் காரைத் தாங்கின. பயணம் மெத்தைபோல் இருக்கும். ரப்பர் வெடித்துக் காற்றுக் கசிந்தால், காற்றை நிரப்பும் கம்ப்ரசர் ஓயாமல் உழைத்து அதுவும் கெட்டுப்போகும்.

முடிவுரை

எனவே, கார் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இது புதிதாக இருந்தபோது என்ன விலை? இதன் உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? நம் ஊர் மெக்கானிக்குக்கு இது தெரியுமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்த பிறகே பணப்பையைத் திறப்போம்.

பெண்களாகிய நாம் நினைவில் கொள்ளவேண்டிய ஒன்றும் உண்டு. வரதட்சணை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடை செய்யப்பட்ட பின்னும், திருமணத்தில் கார் கேட்கும் வீடுகள் இருக்கின்றன. பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டுக் கார் வாங்கித் தந்தாலும், அதற்குத் தீனி போடும் செலவு மணமக்கள் தலையில்தான் விழும். ஊர் மெச்ச வாசலில் யானையைக் கட்டிவிட்டு, உள்ளே அடுப்புக்கு விறகு தேடும் நிலை நமக்கு வேண்டாம். கணக்குப் பாடத்தில் நாம் கற்ற விழுக்காடு, தேர்வுத் தாளோடு முடிவதன்று. நம் வீட்டுக் கூடத்திலும் அது பேசட்டும்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு